ஞானரட்ணத்தின் மாளிகை

அந்தக் காலத்தில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருந்த தமிழர்களில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதவர் என்று ஒருவரும் இல்லை. ஆருடைய காராக இருந்தாலும் பரவாயில்லை, சிவப்பாக இருந்தால் போதும். அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சிறீஸ்கந்தராசா என்ற மனிதர் ஒரு பல்வைத்தியரின் காரோடு பதினொரு படம் எடுத்து, பதினொன்றையும் பதினொரு சொந்தக்காரருக்கு அனுப்பியவர். பல்வைத்தியருக்கு அது இன்றுவரை தெரியாது. ஆனால் ஒரு மாளிகையின் வாசற்படியில் நின்று படம் எடுத்து, பின்பக்கத்தில் 'இது என் வீடு' என்று பேனையால் எழுதி அனுப்பியவர் ஞானரட்ணம் ஒருவர்தான்.

வெறும் பவுசுக்குச் செய்தார் என்று சொல்லிவிட முடியாது. மன்னாரில் ஒரு கலியாண வீட்டில் அவருடைய மனைவி மேரிசெலினின் தமையன், "என்ர மச்சான் டென்மார்க்கிலை கோப்பை கழுவுறார்" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்தாராம். மேரிசெலின் அதைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்தபோது ஞானரட்ணம் கோப்பைகூடக் கழுவவில்லை. வேலைப் பயிற்சி என்று சொல்லி கொம்யூன், அதாவது நகரசபை, அனுப்பிய இடத்தில், ஒரு பழைய மாளிகையைச் சுற்றியிருந்த அகழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று தூர் வாரிக்கொண்டிருந்தார். பங்குனியில் தொடங்கிய வேலை ஆவணியில் முடிந்தது. முடிந்த அன்றைக்குத் தோட்டக் குழாயில் கால் கை முகம் எல்லாம் கழுவி, சிறீஸ்கந்தராசாவின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறி நின்றார். அது 1987.

அதே மாதம் மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பமும் போட்டார். படம் மூன்று கிழமையில் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் ஒரு மேசைக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டது. அவருடையது மட்டுமல்ல, தமிழர்களின் கோப்புகளே அப்படித்தான் படுத்துக் கிடந்தன. பிறகு அது பேப்பரில் வந்து, விசாரணை வைத்து, தமிழர் வழக்கு என்று நாடு முழுக்க நாறியது தனிக்கதை. ஞானரட்ணத்துக்கு அதனால் வந்த வினை இதுதான்: ஆறு மாதம் தாங்கினால் போதும் என்று நினைத்துச் சொன்ன பொய்யை இரண்டரை வருஷம் தாங்க வேண்டி வந்தது.

தாங்கியது அவரல்ல, மகள் கிளோறியா. தகப்பன் நாட்டை விட்டுப் போகும்போது அவளுக்கு ஒரு வயது. மேரிசெலின் அந்தப் படத்தை மடுமாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மன்னாரிலிருந்து மடுவுக்கு ஓடியபோதும், மடுவிலிருந்து கொழும்பு லொட்ஜுக்கு வந்தபோதும் இரண்டு படமும் ஒரே துணிக்குள்தான் வந்தன. செபமாலை முடிந்ததும் பிள்ளை முதலில் மாதாவைக் கொஞ்சும், பிறகு அப்பாவைக் கொஞ்சும். படத்தில் அப்பா நகத்தளவுதான் இருந்தார். மாளிகை மிச்சம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஆகவே அவள் இத்தனை வருஷமும் கொஞ்சியது பெரும்பாலும் கல்லையும் ஜன்னலையும்தான்.

1990 தையில் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஞானரட்ணம் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு எடுத்து, புதுத் திரைச்சீலை போட்டு, பிள்ளைக்கு ஒரு கட்டிலும் வாங்கி வைத்திருந்தார். கிளோறியா சப்பாத்தைக் கழற்றாமல் வீடு முழுவதையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு தாயிடம், "அம்மா, எப்ப அப்பாட்டப் போறது?" என்று கேட்டாள்.

"இவர்தானம்மா அப்பா" என்றாள் மேரிசெலின்.

பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தது. "இவர் இந்த வீட்டு மாமா" என்றது.

அன்றிலிருந்து அவர் மாமாதான். சோறு போட்டால், "காணும் மாமா." சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டால், "போட்டு வாறன் மாமா." மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா மாளிகையில் இருக்கிறார். இந்த மாமா நல்ல மனிதர், ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போவார். கொழும்பு லொட்ஜைப் போல இதுவும் இடையில் தங்குகிற ஓரிடம். பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வருகிற மனிதனுக்கு, கதவைத் திறந்ததும் "மாமா வந்திட்டார்" என்று கேட்டால் எப்படி இருக்கும். ஞானரட்ணம் பலமுறை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

"நீங்கள் சொல்லுங்கோ, படம் பொய் எண்டு" என்று மேரிசெலினிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஏன், நானோ எழுதினது? ரெண்டரை வருஷமா அந்தப் படத்தைக் காட்டித்தான் பிள்ளையைச் சாப்பிட வைச்சனான். நீங்கள் தொடங்கினது, நீங்கள்தான் முடிக்க வேணும்" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள்.

ஐந்து மாதம் ஓடியது. ஆனி மாதத்தில் ஒருநாள் உள்ளூர்ப் பேப்பரில், அந்த மாளிகை ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்று ஒரு விளம்பரம் வந்தது. அதை வெட்டி எடுத்து இரண்டு நாள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். அந்தப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அதிலே வைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். சொன்னால் பிள்ளை அப்பா என்று கூப்பிடுமா, அல்லது மாமா என்ற சொல்லும் இல்லாமல் போய்விடுமா என்பதை அவரால் கணக்குப் போட முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு புறப்பட்டார்கள். மேரிசெலின் கூறைச் சேலை கட்டியிருந்தாள். ஆருடைய வீடாக இருந்தாலும் வீடு வீடுதான், வெறுங்கையோடு போகக்கூடாது என்று விடியவே எழும்பி இருபது ரோல்ஸ் பொரித்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கியிருந்தாள். கிளோறியா வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காலுறையும் போட்டு, தலையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்தாள். பஸ்ஸில் வைத்தே சொல்லிவிடலாம் என்று ஞானரட்ணம் வாயைத் திறந்தார். முன் இருக்கையில் ஒரு நாய் குரைத்தது. இறங்கி நடக்கும்போது திரும்பவும் திறந்தார்; மேரிசெலின் செருப்பு வார் அறுந்தது. நாயும் செருப்பும் இல்லாவிட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

வளைவு திரும்பியதும் மாளிகை தெரிந்தது. கிளோறியா நின்றுவிட்டாள். நீளமான வெள்ளைச் சுவர், கறுப்புக் கூரை, இரண்டு பக்கமும் கூம்புக் கோபுரம், முன்னால் அந்தப் படிக்கட்டு. சுற்றிவர அகழித் தண்ணீர். ஊர்க்காரர் அதைப் பிரெஞ்சு மாளிகை என்றுதான் சொல்வார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் கட்டியது, அவருடைய வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் அதற்குள்ளேதான் குடியிருக்கிறார்கள். பிள்ளை தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அப்பா உள்ளுக்கோ இருக்கிறார்?" என்று கேட்டாள். மேரிசெலின் புருஷனைப் பார்த்தாள். புருஷன் அகழியைப் பார்த்தார்.

பாலத்தடியில் ஒரு மடக்கு மேசை போட்டு, ரப்பர் பூட்ஸ் போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞானரட்ணம் மூன்று டிக்கெட் வாங்கினார்.

"எங்கட வீட்டுக்கு ஏன் டிக்கெட் எடுக்கினம்?" என்று கிளோறியா தாயின் காதுக்குள் கேட்டாள்.

மேரிசெலின் ரோல்ஸ் பெட்டியை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் திகைத்துப்போய், ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, நல்லாயிருக்கிறது என்று தலையை ஆட்டினாள். வேலைக்காரிக்கு எதற்கு இத்தனை ரோல்ஸ் என்று பிள்ளை யோசித்தது முகத்தில் தெரிந்தது. இரண்டு மணியானதும் அந்தப் பெண் மேசையை மடக்கி வைத்துவிட்டு, கூடியிருந்த இருபது பேருக்கும், தன் பெயர் பிர்கிட் என்றும் தான்தான் இந்த வீட்டுச் சொந்தக்காரி என்றும் சொன்னாள். குடும்பப் பெயர் ஒரு பிரெஞ்சுப் பெயர். அதில் பாதி எழுத்தை அவள் உச்சரிக்கவே இல்லை.

வாசலில் மேரிசெலின் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். கிளோறியாவும் கழற்றினாள், ஞானரட்ணமும் கழற்றினார். தேவையில்லை என்று பிர்கிட் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. டெனிஷ்காரர் பதினேழு பேர் சப்பாத்தோடும் மூன்று தமிழர் சப்பாத்து இல்லாமலும் மாளிகைக்குள் போனார்கள்.

பெரிய கூடத்தில், தாடி வைத்த ஒருவரின் படத்துக்குக் கீழே நின்று பிர்கிட் கதை சொன்னாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் மதச் சண்டை. அங்கேயிருந்து தப்பி, உடுத்த துணியோடு இந்த நாட்டுக்கு வந்தவர்தான் இந்தத் தாடிக்காரர், பெயர் பியேர். தனக்குப் பிரான்சில் பெரிய மாளிகை இருந்தது, எல்லாம் பறிபோய்விட்டது என்று வந்த இடத்தில் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். பணக்கார விதவை ஒருத்தியும் நம்பி அவரைக் கட்டிக்கொண்டாள். பறிபோன மாளிகை மாதிரியே இங்கே ஒன்றைக் கட்டினார்.

"என் தாத்தா அந்தப் பழைய மாளிகையைத் தேடிப் பிரான்சுக்குப் போனார்" என்றாள் பிர்கிட். "மாளிகை இருந்தது. சொந்தக்காரரும் இருந்தார்கள், அந்தக் காலத்திலிருந்து அதே குடும்பம். பழைய வேலையாட்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். பியேர் குதிரை லாயத்தில் சாணம் அள்ளியவர். தாத்தா திரும்பி வந்து மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் அப்படியில்லை, வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். மாளிகையில் பிறந்தவன் மாளிகை கட்டுவது என்ன பெரிய காரியம்? சாணம் அள்ளியவன் கட்டியிருக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஞானரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை, காது சுட்டது. "என்னவாம்?" என்று மேரிசெலின் கேட்டாள். "பிறகு சொல்லுறன்" என்றார்.

பிர்கிட் அடுத்து நிலவறைக் கதவைக் காட்டி, இன்றைக்கு அதற்குள் போக முடியாது என்றாள். அகழியில் நீர்மட்டம் ஏறி, சுவர் கசிந்து, உள்ளே கணுக்காலளவு தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன் தூர் வாரியபோது வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்திராத்துக்காரர் ஒரு பழைய மதகைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார், அது இப்போது இறுகிப்போய்த் திறக்க முடியவில்லை, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

கொந்திராத்துக்காரர் கண்டுபிடித்தார். ஞானரட்ணம் அந்த வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மன்னாரில் ஏழு வருஷம் கட்டுக்கரைக் குளத்தில் துருசு திறந்து பூட்டுகிற வேலை பார்த்தவர் அவர். துருசு என்றால் குளத்துத் தண்ணீரை வெளியே விடுகிற மதகு. எந்த நீர்நிலையைப் பார்த்தாலும் அதன் துருசு எந்த மூலையில் இருக்கும் என்று அவருக்குச் சொல்லத் தெரியும். கொந்திராத்துக்காரரின் ஆட்கள் பம்பு வைத்து இறைத்து இறைத்துக் களைத்தபோது, வடகிழக்கு மூலையில் தோண்டுங்கோ என்று தெரியாத பாஷையில் கையால் காட்டியது அவர். ஒருவரும் கேட்காததால் தானே இரண்டு நாள் தோண்டி, செங்கல் வளைவைக் கண்டதும் அவர். புதுப் பலகை இறக்கி ஆப்பு வைத்து இறுக்கியதும் அவர்தான். இவ்வளவும் செய்தவர் படம் எடுக்கும்போது அந்த மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்பதை நினைக்க அவருக்கே இப்போது எரிச்சல் வந்தது.

இந்த எரிச்சலில் பிள்ளையைக் கவனிக்கவில்லை. மேல்மாடியில் குழந்தைகள் அறை. வாசலில் சிவப்புக் கயிறு கட்டி, உள்ளே திரைபோட்ட ஒரு சின்னக் கட்டில், மர வண்டி, பொம்மைகள். எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள். கிளோறியா குனிந்து கயிற்றுக்குக் கீழால் நுழைந்தாள். நேரே போய்க் கட்டிலில் ஏறி, காலுறைக் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தாள். வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்த ஆளின் இருப்பு அது.

"அதில் உட்காரக்கூடாது கண்ணே, அது மிகப் பழைய கட்டில்" என்றாள் பிர்கிட். "நீ ஆரோடு வந்தாய்?"

பள்ளிக்கூடத்தில் ஐந்து மாதத்தில் படித்த டெனிஷில் கிளோறியா தெளிவாகப் பதில் சொன்னாள்: "நான் இங்கேதான் இருக்கப் போறேன். இது என் அப்பாவின் வீடு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, சின்னப் பிள்ளையின் பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்புத்தான். ஆனால் கிளோறியா சிரிக்கிறவர்களைப் பார்த்து, பிறகு தாயைப் பார்த்து, உதட்டைக் கடித்தாள். அவள் கண் நிறைகிறதை ஞானரட்ணம் கண்டார். தன்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் பொறுத்திருப்பார். தான் எழுதிய பொய்யைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"பிள்ளை, இது என்ர வீடு இல்லை" என்றார்.

"உங்கட வீடு இல்லை, அப்பான்ர வீடு."

"நான்தான் அந்தப் படத்திலை நிண்டது. அந்தக் கோட்டும் என்ரை இல்லை, சிறி மாமாவின்ரை. உன்ர மாமன் என்னைப் பற்றி நையாண்டி பண்ணினதாலை, ரோசத்திலை வீடு எண்டு எழுதிப்போட்டன். பொய் சொல்லிப்போட்டன் மகள்."

கிளோறியா கட்டிலை விட்டு இறங்கினாள். "அப்ப இஞ்சை நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பியிருப்பார். என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். ஞானரட்ணம் எழும்பி நின்றார். பிள்ளைக்குத் தமிழிலும் மற்றவர்களுக்கு டெனிஷிலும், ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் சொன்னார். அவருடைய டெனிஷ் நொண்டியது, ஆனால் நிற்கவில்லை.

"மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் அகழியைத் துப்புரவாக்கியவர்களில் நான் ஒருவன். அந்த மதகைக் கொந்திராத்துக்காரர் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன். அது இறுகவில்லை. அதன் ஆப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை வைத்தவன் நான். என் மனைவிக்கும் மகளுக்கும் இது என் வீடு என்று ஒரு படம் அனுப்பினேன். அவர்கள் வருவதற்கான கடதாசி எங்கே கிடந்தது என்று நீங்களே பேப்பரில் வாசித்திருப்பீர்கள். அதனால் என் மகள் அந்தப் பொய்யோடு நெடுநாள் இருந்துவிட்டாள். அவளைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். சிரிப்பதென்றால் என்னைப் பாருங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிர்கிட் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு உங்களை ஞாபகமில்லை" என்று உண்மையையே சொன்னாள்.

"இருக்காது. அப்போது எங்கள் முகத்தில் சேறு இருந்தது" என்றார் ஞானரட்ணம். "ஓர் அலவாங்கு இருக்கிறதா?"

அலவாங்கு என்ற சொல் டெனிஷில் தெரியாமல், கையால் கிண்டிக் காட்டினார். பிர்கிட்டுக்கு விளங்கிவிட்டது. லாயத்துக்குப் போய் நீளமான இரும்புக் கம்பி ஒன்றை அவளே தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். மாளிகை பார்க்க வந்த இருபது பேரும் மாளிகையை விட்டுவிட்டு அகழியின் வடகிழக்கு மூலைக்கு நடந்தார்கள்.

"பூசைக்குப் போட்ட காற்சட்டை" என்றாள் மேரிசெலின். வாய்தான் சொன்னது, அவர் கழற்றிய கோட்டை வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டது அவள்தான்.

ஞானரட்ணம் கரையால் சறுக்கி இறங்கித் தண்ணீருக்குள் நின்றார். இடுப்பளவு ஏறியது. வெள்ளைச் சேட்டு ஊதிப் பொம்மியது. கன்னத்தைத் தண்ணீரில் வைத்து, கையைத் தோள்மூட்டுவரை உள்ளே விட்டு, செங்கல் வளைவின் இடது பக்கத்தைத் தடவினார். ஆப்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் போகிற வருகிற பொடியன்கள் பிடுங்கிவிடுவார்கள் என்று, குளத்தில் வைக்கிற வழக்கப்படி ஒரு கல்லுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. கொந்திராத்துக்காரர் வந்து பலகையைப் போட்டு அடித்து அடித்துக் களைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். மேலே நின்றவர்களில் ஒருவர், பாவம் குளிரப்போகிறது, விடச் சொல்லுங்கள் என்றார்.

விரலுக்கு ஆப்பு தட்டுப்பட்டது. அலவாங்கை உள்ளே கொடுத்து, உடம்புப் பாரத்தைப் போட்டு நெம்பினார். இரண்டு தரம் அசையவில்லை. மூன்றாம் தரம் பாசி பிடித்த மரத்துண்டு ஒன்று மேலே மிதந்து வந்தது. அவர் மேல்பலகையின் வளையத்தில் கம்பியைக் கொடுத்துத் தூக்க, வளைவுக்குள்ளிருந்து முதலில் ஒரு உறுமல் கேட்டது, பிறகு தண்ணீர் திரண்டு மறுபக்கத்து ஓடைக்குள் பாய்ந்தது. சேறும் இலையும் சேர்ந்து அவருடைய முகத்தில் அடித்தன. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பார்த்துக்கொண்டிருக்கவே சுவரில் ஈரக்கோடு ஒன்று தெரியத் தொடங்கி, விரல் அகலம் ஆகி, கையகலம் ஆகியது.

"முந்நூறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம்" என்றாள் பிர்கிட். "இந்தத் தண்ணீரை ஆள எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இனிமேல் இந்தக் கதையைச் சொல்லும்போது உங்கள் பெயரைத்தான் சொல்லுவேன். பெயர் என்ன?"

"ஞானரட்ணம்."

அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். பாதி எழுத்தை விழுங்கினாள். அவர் திருத்தினார், சரியாக வரும்வரை மூன்று தரம் திருத்தினார். மேரிசெலின் கோட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமையனை இந்தக் கரையில் கொண்டுவந்து ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும் போல அவளுக்கு இருந்தது. சேறு வடிகிற முகத்தோடு நிற்கிற இந்த மனிதனைக் கட்டியதற்கு அவள் அன்றைக்குப் பட்ட பெருமையை ஒரு படத்துக்குள்ளும் அடக்க முடியாது.

கிளோறியா எல்லாருக்கும் முன்னால் கரை ஓரத்தில் நின்றாள். வெள்ளைக் காலுறை பச்சையாகிவிட்டது. ஓடைக்குள் பாய்கிற தண்ணீரையும் அதை விட்ட மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் அவள் வயதுடைய டெனிஷ் பெண்பிள்ளை ஒன்று, வாயைப் பிளந்துகொண்டு, "ஆர் அது?" என்று கேட்டது.

கிளோறியா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மின் ஃபா" என்றாள். என்னுடைய அப்பா. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் மாலையில் கதவடியில் நிற்கிறவர்களைக் காட்டிச் சொல்வதைப் போல, வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

ஞானரட்ணத்துக்குத் தண்ணீர் இரைச்சலில் அது கேட்கவில்லை. அவர் அலவாங்கைக் கரைக்கு எறிந்துவிட்டு ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். அப்போது பிள்ளை குனிந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, தமிழில் கத்தினாள்.

"அப்பா, அதிலை கால் வையாதேங்கோ, வழுக்கும்."

ஆறு மாதம் அந்தச் சேற்றுக்குள் நின்று ஒருதரம்கூட வழுக்கி விழாத ஞானரட்ணம், அன்றைக்குத்தான் விழுந்தார்.